விலையில்லா உயிருக்கும் கணக்கு வேண்டும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கருத்துரை)

முத்து என்றவுடன் தூத்துக்குடியும், தூத்துக்குடி என்றவுடன் முத்தும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். பாண்டியரின் கொற்கைத் துறையிலிருந்து கடல் கடந்து சென்ற முத்துக்களைப் பற்றி நம் வரலாற்றுப் பாடம் பெருமையோடு கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இங்கு முத்துக் குளிப்போரைப் பற்றித் தம் பயண நூலில் எழுதி வைத்தார். முத்துக்கு அடுத்தபடி சங்கு. இன்றும் திரேஸ்புரம் கரையிலிருந்து சங்கு குளிக்கச் செல்லும் குடும்பங்கள் உண்டு. முத்தும் சங்கும் நம் ஊருக்குப் பெயரும் பொருளும் தந்தன. ஆனால் அதே கடலடியில், முத்துச் சிப்பிக்கும் சங்குக்கும் அண்டை வீட்டாராக வாழும் ஓர் உயிரைப் பற்றி நாம் எப்போதாவது பேசியிருக்கிறோமா? அதுதான் கடல் முள்ளெலி. நம் பாடநூலில் கடல் அர்ச்சின் என்று இருக்கிறது.

நம்மில் பலருக்கு இது ஒரு தொல்லையாகத்தான் தெரியும். நண்டு வலையிலும் இழுவலையிலும் கூட்டமாக வந்து சிக்கிக்கொள்ளும். முள்ளை ஒடித்து, வலை கிழியாமல் ஒவ்வொன்றாக எடுப்பதற்குள் வீட்டுப் பெண்களின் விரல்கள் புண்ணாகிவிடும். விலை போகாத பொருள் என்பதால் கரையிலே வீசப்பட்டு வெயிலில் காய்ந்து நாறும். குளிப்பவர் காலில் குத்திய முள் சதைக்குள்ளேயே ஒடிந்துகொள்ளும். இதற்கு மேல் அதைப் பற்றி அறிய என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். விலை போகாத உயிரை நாம் எண்ணுவதில்லை. எண்ணாததால் அது குறைந்தாலும் கூடினாலும் நமக்குத் தெரிவதில்லை. மாறிவரும் கடலில் இந்த அறியாமை நமக்கே கேடாக முடியும் என்பது என் கருத்து.

முதலில் அதன் அமைப்பைப் பார்ப்போம். முள்ளெலி என்று பெயர் இருந்தாலும் எலிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. நட்சத்திர மீன், கடல் அட்டை ஆகியவற்றோடு முட்தோலிகள் என்ற தொகுதியைச் சேர்ந்தது இது. கடற்கரையில் முள் உதிர்ந்து கிடக்கும் அதன் வெற்று ஓட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். உச்சியிலிருந்து அடிவரை ஐந்து பட்டைகளாகச் சிறு துளைகள் வரிசை வரிசையாக ஓடுவதைக் காணலாம். உயிரோடு இருக்கும்போது அத்துளைகளின் வழியே நூற்றுக்கணக்கான குழாய்க் கால்கள் வெளியே நீளும். உடலுக்குள் ஓடும் நீரின் அழுத்தத்தால் இயங்கும் இக்கால்களாலேயே அது பாறையைப் பற்றுகிறது, நடக்கிறது. மூளை என்று தனியாக ஒன்று இல்லை. கண்ணும் இல்லை. ஆயினும் ஒளியை உணர்ந்து நிழலை நோக்கி நகரும்.

அதன் வாய் உடலின் அடிப்பக்கத்தில் உள்ளது. ஐந்து பற்கள் கூடிய அந்த வாய்க் கருவிக்கு அரிஸ்டாட்டிலின் விளக்கு என்று பெயர். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், இவ்வுயிரை லாந்தர் விளக்கோடு ஒப்பிட்டு எழுதியதால் வந்த பெயர் இது. இப்பற்கள் தேயத் தேய வளர்ந்துகொண்டே இருக்கும். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பதற்கென்றே அமைந்த கருவி அது.

மனிதகுலம் தன் பிறப்பின் இரகசியத்தை அறிந்ததிலும் இந்த எளிய உயிருக்குப் பங்குண்டு. ஜெர்மானிய விஞ்ஞானி ஆஸ்கர் ஹெர்ட்விக், தாயின் முட்டையிலுள்ள உட்கருவும் தந்தையின் விந்தணுவின் உட்கருவும் ஒன்றுசேர்வதே கருத்தரிப்பு என்பதை 1876-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்தியது கடல் முள்ளெலியின் கண்ணாடி போன்ற முட்டைகளே. செல் பிரிவதைக் கட்டுப்படுத்தும் சைக்ளின் என்ற புரதத்தை டிம் ஹன்ட் என்பவர் 1982-இல் கண்டறிந்ததும் இதே முட்டைகளில்தான். அதற்காக 2001-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்னொரு வியப்பையும் சொல்லவேண்டும். உயிரினங்களின் உறவுமுறையில், முத்துச் சிப்பியைக் காட்டிலும் கடல் முள்ளெலியே மனிதனுக்கு நெருங்கிய சொந்தம்!

இனி அது செய்யும் வேலைக்கு வருவோம். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றைச் சுற்றிப் பவளப்பாறைகள் உள்ளன. பவளம் வளர வெளிச்சம் வேண்டும். அதன் குஞ்சு வந்து ஒட்டிக்கொள்ளச் சுத்தமான பாறை வேண்டும். பாசியோ பவளத்தைவிடப் பன்மடங்கு வேகமாக வளரும். தடுக்க ஆளில்லாவிட்டால் பாறை முழுவதும் படர்ந்து பவளத்தை மூடிவிடும். அதைத் தின்று இடம் ஒதுக்கிக் கொடுப்பவை கிளி மீன் முதலிய மீன்களும் கடல் முள்ளெலிகளுமே. வாசல் பெருக்கும் பெண்ணை வீட்டார் கவனிப்பதில்லை. அவள் ஒரு வாரம் வராவிட்டால்தான் அருமை தெரியும். கடல் வீட்டிலும் இதுவே நடக்கிறது.

அப்படி ஒருமுறை உண்மையிலேயே நடந்தது. கரீபியக் கடலில் நீண்ட கரிய முட்களையுடைய ஒருவகை முள்ளெலி ஏராளமாக வாழ்ந்தது. 1983-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பனாமா கால்வாயின் கரீபிய முகப்பருகே அவை திடீரென்று சாகத் தொடங்கின. ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் அந்தப் பெருங்கடற்பகுதி முழுவதும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை மடிந்தன. கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றிவரும் கடல்நீரோடு நோய் வந்திருக்கலாம் எனப் பலர் ஐயுற்றனர், அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஜமைக்காத் தீவைச் சுற்றியிருந்த பாறைகள் ஏற்கெனவே புயலால் நொறுங்கியிருந்தன. பாசி தின்னும் மீன்களையும் மக்கள் பிடித்துத் தீர்த்திருந்தனர். கடைசிக் காவலான முள்ளெலியும் போனபின், பவளத்தின் இடத்தைப் பாசி பிடித்துக்கொண்டது.

இது தொலைதூரத்துக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022-இல் கரீபியக் கடலில் மீண்டும் அதே சாவு வந்தது. இம்முறை ஒற்றைச் செல் நுண்ணுயிர் ஒன்றே காரணம் என ஆராய்ந்து கண்டனர். அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் மத்தியதரைக் கடலிலும் செங்கடலிலும் முள்ளெலிகள் மடிந்தன. 2023-இல் நம் இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவிலும் அந்நோய் காணப்பட்டது. செங்கடலில் மடிந்த நீள்முள் வகை, மன்னார் வளைகுடாவிலும் வாழும் வகையாகும். நம் ஊரோ 1974 முதல் பெருந்துறைமுகம். பல நாட்டுக் கப்பல்கள் வந்து நிற்கும் இடம். நாளை இங்கு அவை சாகத் தொடங்கினால் எத்தனை இருந்தன, எத்தனை போயின என்று சொல்ல நம் ஊராரிடம் என்ன கணக்கு இருக்கிறது?

அப்படியானால் கடல் முள்ளெலி எவ்வளவு பெருகினாலும் நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். அதுவும் அன்று. அமெரிக்காவின் கலிபோர்னியக் கரையில் கெல்ப் எனப்படும் பெரிய கடற்பாசிகள் காடுபோல் வளர்ந்து நிற்கும். முள்ளெலிகளைத் தின்று அளவாக வைத்திருந்த பெரிய நட்சத்திர மீன்கள் 2013 முதல் ஒரு கொள்ளை நோயால் அழிந்தன. அத்துடன் கடலும் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியது. முள்ளெலிகள் பெருகி, வட கலிபோர்னியாவின் பாசிக் காட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேலானது மறைந்தது. தின்ன ஒன்றும் இல்லாத நிலையிலும் அவை பட்டினியாகவே பல ஆண்டுகள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே காடு மீண்டும் தலையெடுப்பது கடினம். ஆஸ்திரேலியாவில், தெற்கு நோக்கிப் பாயும் கடல் நீரோட்டம் வலுத்ததால், 1978-இல் டாஸ்மேனியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட ஒரு நீள்முள் வகை இப்போது அங்குள்ள பாறைகளை மொட்டையாக்கி வருகிறது. கென்யாவில், முள்ளெலியைத் தின்னும் கிளாத்தி மீன்களை அளவுக்கு மீறிப் பிடித்த இடங்களில் முள்ளெலிகள் பெருகிப் பவளப்பாறையையே அரித்தன.

ஆகவே இந்த உயிர் நல்லதுமன்று, கெட்டதுமன்று. குறைந்தால் பாசி மூடும். மிகுந்தால் பாறை தேயும். இரண்டு நிலைக்கும் பின்னால் பெரும்பாலும் மனிதனின் கை இருக்கிறது. காய்ச்சலை அறிய உடலில் வைக்கும் வெப்பமானி போல, கடலின் நலத்தை அறிய முள்ளெலியின் எண்ணிக்கை உதவும். வெப்பமானியை வீசிவிட்டால் காய்ச்சல் போய்விடுமா?

நம் கடலுக்கும் காய்ச்சல் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2010-இலும் 2016-இலும் கோடையில் மன்னார் வளைகுடா நீர் சூடேறியதால் பவளங்கள் வெளுத்தன. 2016-இல் பல மடிந்தும் போயின. அதற்கு முன்பே சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்திருந்தோம். விளங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. இராமேசுவரம் பக்கத்துக் குருசடைத் தீவில், வளர்ப்பதற்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கடற்பாசி பவளங்களின்மேல் படர்ந்திருப்பதை 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தனர். பாசி தின்னும் உயிர்களுக்கு வேலை கூடிவரும் காலம் இது.

இதற்கிடையில் முள்ளெலிக்கே புதிய துன்பம் வருகிறது. நாம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றிலிருந்து எழும் கரியமில வாயுவில் ஏறத்தாழக் கால் பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. அதனால் கடல்நீரின் அமிலத்தன்மை தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைவிட நூற்றுக்கு முப்பது அளவு கூடியுள்ளது. முள்ளெலியின் குஞ்சு நீரில் மிதக்கும் பருவத்தில், கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புக் குச்சிகளால் தன் உடலைத் தாங்கி நிற்கும். அமிலம் கூடினால் அக்குச்சிகளைக் கட்ட அது அதிக ஆற்றலைச் செலவிட வேண்டும், வளர்ச்சி குன்றும். வளர்ந்த முள்ளெலியின் ஓடும் சுண்ணாம்பே அல்லவா?

இப்போது இன்னொரு ஆபத்தைக் கூறவேண்டும். அது விலை! கடல் முள்ளெலியின் உள்ளே ஐந்து மடலாக இருக்கும் சினையை ஜப்பானியர் உயர்ந்த உணவாகக் கருதி நிறையப் பணம் கொடுத்து வாங்குகின்றனர். நம் கடலின் முள்ளெலியையும் இவ்வாறு பயன்படுத்தலாம் என்ற யோசனை நம் நாட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகளிலும் இடம்பெற்றுள்ளது. இதுவரை குப்பையாக இருந்தது ஒருநாள் பணமாகலாம். அந்நாள் வருமுன் மற்றவர் பட்ட பாட்டை நாம் பார்க்க வேண்டாமா? பிலிப்பைன்ஸ் நாட்டில் போலினாவோ என்ற ஊரில் முள்ளெலிச் சினையை ஏற்றுமதிக்காக அளவில்லாமல் எடுத்தனர். 1992-இல் அந்தத் தொழில் படுத்துவிட்டது. பிறகு விஞ்ஞானிகளும் மீனவரும் சேர்ந்து குஞ்சு வளர்த்துக் கடலில் விட வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் 1993-இல் உச்சத்துக்குப் போன முள்ளெலிப் பிடிப்பு, பின்னர் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது.

அயல்நாடு எதற்கு? நம் கடல் அட்டையின் கதையே போதும். முள்ளெலியின் உடன்பிறப்பான அட்டையை அவித்துக் காயவைத்து வெளிநாடுகளுக்கு அனுப்பிவந்தோம். எத்தனை இருக்கிறது, எத்தனை எடுக்கலாம் என்று கேளாமல் எடுத்தோம். முடிவில் 2001-இல் அரசு அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்து முற்றிலும் தடைசெய்தது. அதனால் அட்டையை நம்பியிருந்த குளியாளர் குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. தடைக்குப் பின்னும் கள்ளக் கடத்தல் நிற்கவில்லை என்பதை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கின்றோம்.

“பசித்த வயிற்றுக்கு முள்ளெலியின் கணக்கு சோறு போடுமா?” என்று சிலர் கேட்பார்கள். இது நியாயமான கேள்வி. கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் நம் பள்ளியில் ஏராளம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்கள் எப்படிக் கழிகின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். மீனவனுக்கு வருமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கின்றி எடுத்து, ஒரேயடியாகத் தடைவிழும் நாள்வரை காத்திருப்பதுதான் மீனவன் வயிற்றில் அடிக்கும் செயல். அட்டையை முதலிலேயே எண்ணி, அளந்து, இடைவெளி விட்டு எடுத்திருந்தால், இன்று அது சட்டபூர்வமான தொழிலாகவே நிலைத்திருக்கக் கூடும். கணக்கு என்பது மீனவனுக்கு எதிராக வைக்கப்படும் பூட்டு அன்று; அவன் பிள்ளைக்கும் பங்கு மிச்சம் வைக்கும் வழி.

இது நம் கரைக்குப் புதிய பாடமும் அன்று. முன்னாளில் முத்துக்குளிப்பு நினைத்தபோதெல்லாம் நடக்கவில்லை. ஒவ்வொரு பாரையும் முதலில் ஆராய்ந்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் வயதையும் முத்தின் மதிப்பையும் கணக்கிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்பட்டது. சிப்பி முதிராவிட்டால் குளிப்பு இல்லை. சங்கையும் அளந்து பார்த்து, சிறியதைத் திரும்பக் கடலில் விடும் வழக்கம் இருந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்புக்குப் பிறகு இங்கு அத்தகைய குளிப்பு நடைபெறவில்லை. ஆனாலும் நம் கரை அறிவை விட்டுவிடவில்லை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினர். எண்ணவும் அளக்கவும் ஆராயவும் தெரிந்த ஊர் நம்முடையது. விலையுள்ள பொருளுக்குக் காட்டிய அக்கறையை விலையில்லாத உயிருக்கும் காட்டவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இதற்கு மூன்று காரியங்கள் செய்யலாம் என்று எண்ணுகிறேன். முதலாவது, வலையில் உயிரோடு வரும் முள்ளெலிகளைக் கரைக்குக் கொண்டுவந்து வீசாமல், முடிந்தவரை கடலிலேயே திரும்ப விட்டுவிடும்படி நம் வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லலாம். இரண்டாவது, முள்ளெலிச் சினைக்குச் சந்தை திறக்க யாரேனும் முன்வந்தால், முதலில் கணக்கெடுப்பு, அடுத்து அளவு வரம்பு, இனம் பெருகும் காலத்தில் விடுப்பு ஆகிய மூன்றையும் ஏற்படுத்திய பின்னரே அனுமதிக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். மூன்றாவது நம் கையிலேயே இருக்கிறது. கடல் ஆராய்ச்சி நிலையத்தார் தீவுகளைச் சுற்றி மூழ்கி ஆராய்கின்றனர். தேசியப் பூங்காவான அத்தீவுகளுக்கு நாம் போகவும் கூடாது. ஆனால் துறைமுகத்தை அடுத்த முயல் தீவுக் கரைக்கு ஆசிரியையுடனும் அனுபவமுள்ள மீனவர் ஒருவருடனும் மாதம் ஒருமுறை போகலாமே! நீர் வற்றும் நேரத்தில் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் பாறைமேல் பத்து இடங்களில் வைத்து, உள்ளே எத்தனை முள்ளெலி, எவ்வளவு பாசி, நீரின் வெப்பம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளலாம். ஒன்றையும் எடுக்க வேண்டியதில்லை, தொடவும் வேண்டியதில்லை. ஒரு மாதத்துக் கணக்கு வெறும் எண்தான். பத்தாண்டுக் கணக்கு ஒரு சான்று.

நம் மறைக்கல்வியில் படித்த ஒன்றை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். தொடக்க நூலில் கடவுள் கூறிய முதல் ஆசி மனிதனுக்கு உரியது அன்று. ஐந்தாம் நாளில் படைக்கப்பட்ட நீர்வாழ் உயிர்களுக்கும் பறவைகளுக்குமே அந்த முதல் ஆசி கிடைத்தது. மனிதன் வந்தது மறுநாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடலில், நாம் வாழும் பூமியைப் பொது இல்லமாகக் கருதிப் பேணும்படி உலகத்தார் அனைவரையும் அழைத்தார். பொது இல்லம் என்றால் அங்கு நமக்குப் பயன்படுபவர் மட்டுமா குடியிருப்பார்?

தோழியரே, நாங்கள் இவ்வாண்டோடு பத்தாம் வகுப்பை முடிக்கின்றோம். கணக்கைத் தொடங்கி வைப்பதற்கு மட்டுமே எங்களுக்குக் காலம் உண்டு. தொடர வேண்டியவர்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கைமார். அறிவியல் கழகத்தில் இதற்கென ஒரு குறிப்பேட்டை வைக்குமாறு தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதன் முதல் பன்னிரண்டு மாதக் கணக்கு அடுத்த ஆண்டு மலரில் வெளிவரட்டும்.